கீச் என்றால் பாருங்கள், கரகர என்றால் நிறுத்துங்கள்

அண்ணாகிராமம் வட்டாரத்தில் மலையும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அப்படியும் பிரேக் தேய்கிறது. ஏன் என்பது சாலையில் போனாலே தெரியும். அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டும். பின்னால் மாட்டிக்கொண்ட டூவீலர்காரருக்குப் பிரேக்கிலிருந்து கை எடுக்க நேரமிருக்காது. பண்ருட்டி நான்குமுனைச் சந்திப்புக்குள் நுழைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பலா சீசனில் லோடு வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

பிரேக் 'கீச்' என்றதும் நம்மில் பலர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. சிலர் சத்தம் வரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். அது உயிருக்கே உலை வைக்கிற வேலை. உராய்வு இருந்தால்தான் வண்டி நிற்கும். எண்ணெய் குடித்த பிரேக் பேடைத் துடைத்துப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? பேடு டிஸ்க்கைக் கவ்வும்போது ஒரே சீராகத் தேய்வதில்லை. பிடிப்பதும் நழுவுவதுமாக அதிர்கிறது. அந்த அதிர்வு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் காதைக் கிழிக்கும் கீச்சொலி. ஆகவே கீச் என்றாலே பேடு போச்சு என்று அர்த்தமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவெல்லாம் வெளியே நின்ற கார் காலையில் கத்தும். டிஸ்க்கில் லேசாகத் துரு படிந்திருக்கும்; நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். தென்பெண்ணை மணலும் முந்திரித் தோப்புச் செம்மண் புழுதியும் இடுக்கில் புகுந்தாலும் இதே கச்சேரிதான். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் அடங்கும்.

அடங்காத சத்தம்தான் கவனிக்க வேண்டியது. பல கார்களின் பேடு ஓரத்தில் சின்ன எஃகுத் தகடு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும் பேடு தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் தகடு டிஸ்க்கில் உரசி ஊளையிடும். மாற்றச் சொல்லி வண்டியே கேட்கிறது. ஒரே அச்சில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம்.

டூவீலரில் அந்தத் தகட்டை எதிர்பார்க்காதீர்கள். செல்போன் டார்ச்சைக் காலிப்பருக்குள் அடித்துப் பேடைப் பாருங்கள். பேடில் வெட்டியிருக்கும் கோடு மறைந்திருந்தால் ஆயுள் முடிந்தது. டிரம் பிரேக் என்றால் பல வண்டிகளில் சக்கரத்தருகே பிரேக் கையில் சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது எதிரிலுள்ள குறியைத் தொட்டால் பிரேக் ஷூவை மாற்றிவிடலாம்.

கீச் போய் 'கரகர' என்று வந்துவிட்டால் யோசிக்கவே கூடாது. இரும்பும் இரும்பும் உரசுகின்றன. நாலு நாள் தள்ளிப்போட்டால் பேடு செலவோடு டிஸ்க் செலவும் தலையில் விழும். பல லாரி, பஸ்களில் பிரேக் ஷூவின் மேல் லைனிங்கை ரிவெட் அடித்துப் பொருத்துவார்கள். லைனிங் தேய்ந்தால் ரிவெட் தலை டிரம்மையே உழுதுவிடும்.

டிராக்டர் கதை தனி. இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனிப் பிரேக் மிதி. வயலில் திருப்ப வசதி. சாலைக்கு ஏறும்போது இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், கரும்பு லோடு பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் திரும்பிக் கவிழலாம். பல டிரெய்லர்களுக்குச் சொந்தப் பிரேக்கே கிடையாது என்பது இதில் இன்னொரு கொடுமை. எண்ணெய்க்குள்ளேயே இயங்கும் ஆயில் பிரேக் உள்ள டிராக்டரில் தேய்மானம் கீச்சென்று சொல்லாது. மிதி எவ்வளவு கீழே போகிறது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த லைனிங் எப்படி வந்தது தெரியுமா? 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் கணவரின் காரை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிறந்த ஊருக்குப் போனார். பிரேக் கட்டை தேய்ந்துவிட, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் அதற்குத் தோல் பொருத்திக்கொண்டார். பிரேக் லைனிங் பிறந்த கதை அது. பிறகு வெப்பத்தைத் தாங்க ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். அதன் தூசு புற்றுநோய் தரும் என்பது நிரூபணமான உண்மை. அதனால் டிரம் தூசை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். நல்ல லைனிங்குக்கு நாம் வெளியூர் தேடவும் வேண்டாம். 1964-ல் சென்னையில் ரானே பிரேக் லைனிங் நிறுவனமாகத் தொடங்கிய தொழிலுக்குப் பக்கத்துப் புதுச்சேரியிலேயே ஆலை இருக்கிறது. இருந்தும் விலை பார்த்து டூப்ளிகேட் பேடு வாங்குகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

பேடு மாற்றும்போது கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்பக்கப் பேடு ஒரு மாதிரியும் வெளிப்பக்கப் பேடு வேறு மாதிரியும் தேய்ந்திருந்தால் காலிப்பர் பின் இறுகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டும் பலனில்லை. வண்டியை எடுக்குமுன் லீவரை அல்லது மிதியை நாலைந்து முறை அழுத்திக் கெட்டிப்படுத்துங்கள். பேடு மாற்றியதும் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. முதல் 200, 300 கிலோமீட்டர் வரை சடாரென்று பிரேக் அடிப்பதைத் தவிர்த்தால் புதுப் பேடு டிஸ்க்கோடு ஒட்டிப் பழகிக்கொள்ளும்.