எண்ணெயில் எழும் குமிழி



மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டில் உணவுக்கு முன் கொறிக்கத் தரும் பண்டங்களுள் ஒன்று ‘கத்ராச்சா’. ‘டார்ட்டியா’ என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டியை எண்ணெயில் பொரித்து, மசித்து வதக்கிய சிவப்பு பீன்ஸை அதன்மேல் பூசி, உப்புச் சீஸை உதிர்த்துத் தூவினால் கத்ராச்சா தயார். ஹோண்டுராஸ் மக்களுக்கே ‘கத்ராச்சோ’ என்ற செல்லப் பெயர் உண்டு. 1857-இல் நிகராகுவாவில் வில்லியம் வாக்கரின் படையை எதிர்த்துப் போரிட்ட ஹோண்டுராஸ் தளபதி ஃப்ளோரென்சியோ சத்ருச்சின் பெயரே இப்படி மருவியது என்பர்.

வீட்டில் செய்து பார்ப்போமா? பெரியவர் ஒருவர் அடுப்பருகே இருக்கட்டும். ஹோண்டுராஸில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து அரைப்பார்கள்; அதனால் மாவு நன்கு சேர்ந்து வரும். கடை மாவு அப்படிச் சேராது. ஆகவே உப்பும் கொதிநீரும் விட்டுப் பிசைந்து, தட்டி, கல்லில் சுட்டு ஆறவிடுங்கள். இரவில் ஊறிய ராஜ்மாவை, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவையுங்கள். அரைவேக்காடு கூடாது, அதிலுள்ள நச்சுப்பொருள் வாந்தி உண்டாக்கும்.

இனி எண்ணெய்ச் சட்டியைக் கவனியுங்கள். ரொட்டியை இட்டதும் குமிழிகள் எழுகின்றன. எண்ணெயா கொதிக்கிறது? இல்லை. எண்ணெயின் வெப்பநிலை சுமார் 180 டிகிரி செல்சியஸ். ரொட்டியிலுள்ள நீரோ 100 டிகிரியில் கொதிப்பது. எழுவது நீராவிதான். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 540 கலோரி வெப்பம் தேவை. நீர் மிகுந்திருக்கும்வரை வெப்பம் அதற்கே செலவாவதால் ரொட்டி கருகுவதில்லை. குமிழிகள் குறைந்தால் நீர் தீர்ந்து வருகிறது என்று பொருள். அதுவே எடுக்க வேண்டிய தருணம். தாமதித்தால் கருகிவிடும்.

வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. ரொட்டியை வெளியே எடுத்ததும் நிலைமை மாறுகிறது. உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து நீராகிறது, அழுத்தம் குறைகிறது, காற்றின் அழுத்தம் மேற்பரப்பிலுள்ள எண்ணெயைத் துளைகளுக்குள் தள்ளுகிறது. எனவே சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்து, தாளில் ஒற்றிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. ஈர ரொட்டியை இட்டால் எண்ணெய் தெறிக்கும். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்; அந்த ஆவி எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியை உலோக மூடியால் மூடுங்கள். ஆறும்வரை திறக்கவோ நகர்த்தவோ கூடாது. மூட முடியாத தீயானால் விலகி வெளியேறி, தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

முடிவாக ஒரு கேள்வி. 30 கிராம் ரொட்டி பொரித்தபின் 22 கிராம் இருந்தால், வெளியேறிய நீர் 8 கிராம் என்று சொல்லலாமா? கத்ராச்சாவைக் கடித்தபடியே யோசியுங்கள்!