காயைப் பார்க்காதீர்கள், கொடியைப் பாருங்கள்

தேனி அல்லிநகரம் சுற்றுவட்டாரத்தில் பந்தல் காய்கறி போடும் விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "போன வருஷம் வீரிய ஒட்டு ரகப் புடலை போட்டோம், காயெல்லாம் ஒரே அளவு. அதிலேயே விதை எடுத்து இந்த வருஷம் ஊன்றினால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கமிஷன் கடையில் கழித்துப் போடுகிறார்கள். உரம் போதவில்லையா?"

உரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒட்டு ரகம் என்பது இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்த முதல் தலைமுறை. அதில் எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கும். அதன் விதை இரண்டாம் தலைமுறை. பாட்டன், பாட்டியின் குணங்கள் அதில் பிரிந்து, புதுப்புது விதமாகச் சேர்ந்து வெளிவரும். அமெரிக்க விஞ்ஞானி எட்மண்ட் சின்னாட் 1920களிலேயே பூசணி இனத்தில் இதைக் காட்டினார். உருண்டைக் காய் காய்க்கும் இரண்டு வேறு ரகங்களைக் கலந்தபோது, முதல் தலைமுறை முழுவதும் தட்டையாக வந்தது. அடுத்த தலைமுறையில் 16 செடிக்கு 9 தட்டை, 6 உருண்டை, 1 நீளம் என்ற கணக்கில் பிரிந்தது. இவ்வளவுக்கும் அங்கே வேலை செய்தவை இரண்டே மரபணுக்கள். புடலை, பாகலின் நீளத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால் இரண்டாம் தலைமுறையில் எல்லா அளவிலும் காய் வரும்.

நம் பக்கத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பெரியகுளம் 1 புடலை, எச் 375 என்ற வகையில் செயற்கையாகத் தூண்டிய திடீர் மாற்றத்தால் கிடைத்தது. காய் 180 முதல் 200 செ.மீ. வரை நீளும். கோ 2 புடலையோ 30 செ.மீ. தான். இரண்டும் ஒரே பயிர் இனம். தண்ணீரும் உரமும் காயின் எடையைக் கூட்டும், குறைக்கும். கோ 2-ஐ ஆளுயரத்துக்கு நீட்டாது. நுனியில் கல் கட்டுவதும் வளையாமல் தொங்குவதற்குத்தான்.

பக்கத்து வயல் மகரந்தம் பட்டு இந்த வருஷக் காய் மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அப்படி நடக்காது. காயின் சதை தாய்க்கொடியுடையது. கலப்பு உள்ளே இருக்கும் விதையில்தான் ஏறும், அடுத்த பட்டத்தில்தான் கண்ணில் படும்.

அப்படியானால் கோணல் காய் எதனால்? ஒரே கொடியில் சில காய் நேராகவும் சில காய் கோணலாகவும் இருந்தால் மகரந்தச் சேர்க்கைக் குறை அல்லது பழ ஈ. ஒரு கொடியின் எல்லாக் காயும் ரகத்துக்கு ஒவ்வாத வடிவில் இருந்தால் அது விதைக் கலப்பு. இதற்குக் காய் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண் பூவின் அடியில் உள்ள பிஞ்சிலேயே வடிவம் பெரும்பாலும் தெரிந்துவிடும். விதைக்கு விட்ட வயலில் முதல் பெண் பூக்கள் வந்ததும் கொடி கொடியாகப் பார்த்து, வேறுபட்டதைப் பிடுங்கிவிடுங்கள்.

சொந்த விதை வேண்டுமென்றால் பெரியகுளம் 1, கோ 2 போன்ற ரகங்களிலோ நாட்டு ரகங்களிலோ எடுக்கலாம். ஒட்டு ரகத்துக்கு ஒவ்வொரு முறையும் விதை வாங்குவதைத் தவிர வழியில்லை. சான்று விதை உற்பத்திக்கு அதே பயிரின் வேறு ரகத்திலிருந்து 500 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அரை ஏக்கர்காரருக்கு இது நடக்கிற காரியமா? அவர்களுக்குக் கைவழிச் சேர்க்கை போதும். பூ விரியும் முன்பே ஆண், பெண் மொட்டுகளைத் தனித்தனியாகக் காகிதப் பையால் மூடுங்கள். விரிந்ததும் ஆண் பூவைப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, மறுபடி மூடி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பாகல் அதிகாலையில் விரியும். புடலையும் பீர்க்கும் மாலையில்.

நம் ஊரில் பந்தலிலேயே பெரிய காய் ஒன்றை விதைக்கு விடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எருக்குழி ஓரத்துக் கொடியில் ஒரு காய் பெருத்திருக்கலாம். அந்தப் பெருக்கம் விதையில் இறங்காது. காய் எண்ணிக்கையும் அளவும் ஒருசேர நன்றாக உள்ள பத்துப் பதினைந்து கொடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு காய் விடுங்கள். புடலைக் காய் ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுத்ததும் பறித்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.