முப்பது மணிக்கு மேல் தலை தட்டிவிடுவார்கள்

டெல்லியில் கனடா விசாவுக்கு மனு கொடுக்கும் மையம் சிவாஜி ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பாபா கரக் சிங் மார்க் ஓரமாக நின்று டீ குடிக்கும் அப்பா அம்மாக்களின் பேச்சில் ஒரு கணக்கு தவறாமல் வரும். "படிப்பு ரெண்டு வருஷம், அப்புறம் வொர்க் பர்மிட் மூணு வருஷம். ஆக அஞ்சு வருஷம் அங்க இருந்தாச்சுன்னா பி.ஆர். வந்துடும்." ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் போடுவதும் இதே கணக்குதான். கூட்டல் சரி. எதைக் கூட்டுகிறோம் என்பதில்தான் கோளாறு. நாமும் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, இதை ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் பாதை. கனடாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தகுதியுள்ள படிப்பை முடித்தவர்களுக்கு ஒரு வேலை அனுமதி உண்டு. பிள்ளைகள் அதைப் பி.ஜி.டபிள்யூ.பி. என்பார்கள். எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம். இரண்டாண்டுப் படிப்பு என்றால் மூன்று வருடம் வரை கிடைக்கும். 2024 பிப்ரவரிக்குப் பிறகு, இரண்டாண்டுக்குக் குறைவான முதுகலைப் பட்டத்துக்கும் மூன்று வருடம் தருகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைதான். இந்த அனுமதியில் சேர்த்த வேலை அனுபவத்தைக் காட்டி பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, கேட்கிற வழிக்குக் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்று பெயர். 2008-இல் தொடங்கியது, 2015 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற பெரிய வரிசைக்குள் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது அந்தக் கோளாறுக்கு வருவோம். கனடாவில் எத்தனை வருடம் *இருந்தோம்* என்பதை இந்த வழி பார்ப்பதே இல்லை. பார்ப்பது எத்தனை மணி நேரம் *வேலை செய்தோம்* என்பதைத்தான். அதுவும் எந்த வேலை, எப்போது, எங்கே இருந்துகொண்டு என்று சலித்துச் சலித்து எடுக்கும். ஐந்து வருடம் அங்கே இருந்துவிட்டு, கணக்கில் ஒரு மணி நேரம்கூட இல்லாமல் நிற்கிறவர்கள் இருக்க முடியும். விதியில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

பெற்றோரையும் குறை சொல்வதற்கில்லை. நாளை எண்ணுகிற கணக்கு ஒன்று உண்மையாகவே உண்டு, அது குடியுரிமைக்கானது. குடியுரிமை கேட்க, கடைசி ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். வாங்குவதற்கு முன்னால் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அங்கே அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாள் வரை. ஆக, படித்த காலத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் அது அடுத்த வாசலில். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதில் பிறந்ததுதான் அந்த 'அஞ்சு வருஷம்'.

சரி, பி.ஆர். வாசலில் எத்தனை மணி கேட்கிறார்கள்? 1,560. வாரத்துக்கு 30 மணி, 52 வாரம். உடனே நம் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள்: வாரம் 40 மணி பார்த்தால் 39 வாரத்தில் முடிந்துவிடுமே! முடியாது. நம் ஊரில் அரிசியைப் படியால் அளந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கு மேலே கோபுரமாக நிற்கிற அரிசியைக் கடைக்காரர் வழித்துத் தள்ளிவிடுவார். தலை தட்டின படி என்பார்கள். இங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு படி, கொள்ளளவு 30 மணி. நீங்கள் 40 போட்டாலும் 60 போட்டாலும் மேலே நிற்பதைத் தட்டிவிடுவார்கள். ஆக, எவ்வளவு ஓடியாடினாலும் 52 வாரத்துக்கு முன்னால் முடியாது. குறைந்தால் மட்டும் குறைந்த அளவே சேரும்: வாரம் 20 மணி என்றால் 78 வாரம், 15 மணி என்றால் முழு இரண்டு வருடம்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. இந்த 52 வாரமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கம்பெனியாகவும் இருக்க வேண்டாம். ஓரிடத்தில் 20 மணி, இன்னோரிடத்தில் 10 மணி என்று சேர்த்தும் ஒரு படியை நிரப்பலாம். நடுவில் வேலை போய், இரண்டு மாதம் சும்மா இருந்து, மறுபடி சேர்ந்தாலும் பழைய மணிகள் அழிந்துவிடாது. மனுப் போடுகிற நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருடத்துக்குள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மணிகளை எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு ஆர்.கே.புரத்திலிருந்து போன ஒரு பெண்ணைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒன்டாரியோவில் இரண்டாண்டு டிப்ளமா. படிக்கும்போதே ஒரு காபிக் கடையில் கவுன்ட்டர் வேலை. கல்லூரியே ஏற்பாடு செய்த கோ-ஆப் பயிற்சி நான்கு மாதம், அதுவும் நல்ல கம்பெனி, சம்பளத்தோடு. இரண்டுக்கும் இந்தக் கணக்கில் மதிப்பெண் பூஜ்யம். முழுநேர மாணவராக இருந்த காலத்தில் செய்த எந்த வேலையும் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் சேராது. கோ-ஆப்புக்குத் தனி வொர்க் பர்மிட் கையில் இருந்தாலும் சேராது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதைச் சொன்னால் கோபம்தான் வரும். வேலை வேலைதானே என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வழி சோதிக்க நினைப்பது, படிப்பு என்கிற துணை இல்லாமல் இந்த ஆள் கனடாவில் உழைத்து நிற்பாரா என்பதை. கோ-ஆப் வேலை ரெஸ்யூமேயில் மின்னும், அடுத்த வேலையை வாங்கித் தரும். அதோடு அதன் பணி முடிந்தது.

இதே விதிக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. பி.ஜி.டபிள்யூ.பி. வாங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகு, இன்னொரு படிப்பும் இருக்கட்டுமே என்று முழுநேரமாகச் சேர்ந்துவிட்டால், அந்தக் காலத்து மணிகளும் போய்விடும். விதி பார்ப்பது பர்மிட்டின் பெயரை அல்ல. அந்த வாரத்தில் நீங்கள் முழுநேர மாணவரா என்பதை.

அப்படியானால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்? படிப்பு முடிந்தது என்று கல்லூரி எழுத்தில் சொன்ன பிறகு, சட்டப்படி அனுமதி உள்ள முதல் மணியிலிருந்து. பி.ஜி.டபிள்யூ.பி. அட்டை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டடி பர்மிட் காலாவதி ஆவதற்குள் மனுப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை முழுநேரம் வேலை பார்க்கலாம். அந்த மணிகளும் சேரும். கல்லூரியின் கடிதம் வந்தும் மனுப் போடாமல் இருக்கிற இடைவெளிதான் ஆபத்து. அந்த நாட்களில் வேலை பார்த்தால் மணி சேராது என்பதோடு போகாது, அனுமதியில்லாத வேலை என்று வேறு ஆகிவிடும்.

நம் பெண் மனுப் போட்டுவிட்டாள். பழகிய இடமாயிற்றே என்று அதே காபிக் கடையில் முழுநேரமாகத் தொடர்கிறாள். இப்போது மணி சேருமா? இன்னும் இல்லை! எல்லா வேலைகளுக்கும் கனடா அரசு ஐந்து இலக்க எண் ஒன்று வைத்திருக்கிறது. நாக் கோட் என்பார்கள். 2022 நவம்பரிலிருந்து இப்போதைய முறை. அதில் இரண்டாவது இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது 0, 1, 2, 3 என்றால் திறன் வேலை, சேரும். 4, 5 என்றால் சேராது. உணவுக் கடை கவுன்ட்டர் ஊழியருக்கு 65201. இரண்டாவது இலக்கம் 5. துணிக்கடை விற்பனையாளருக்கு 64100, அது 4. அதே உணவுக் கடையில் சூப்பர்வைசர் ஆனால் 62020. இரண்டாவது இலக்கம் 2, சேரும். சமையல்காரர் 63200, அதுவும் சேரும். கவுன்ட்டருக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள அந்த நாலடி தூரத்தில் பி.ஆர். கணக்கு தொடங்குவதும் தொடங்காததும் இருக்கிறது.

இதனால்தான் அங்கே சூப்பர்வைசர் பதவிக்கு இவ்வளவு கிராக்கி. பெயர்ப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு பயனில்லை. அந்த எண்ணுக்கு அரசு எழுதிவைத்திருக்கும் முக்கியக் கடமைகளில் பெரும்பகுதியை உண்மையிலேயே செய்திருக்க வேண்டும்: மற்றவர்களுக்கு ஷிப்ட் போட்டது, சரக்கு இருப்பைப் பார்த்தது, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, இப்படி. காசு கொடுத்துப் பதவி வாங்கித் தருகிறோம் என்று சொல்கிற ஏஜென்டுகளிடம் எட்டி நிற்பது நல்லது. மாட்டினால் ஐந்து வருடத்துக்கு மனுவே போட முடியாது. சொந்தத் தொழிலாகச் செய்வதும் இந்த வழியில் சேராது.

அக்டோபரில் அவள் சூப்பர்வைசர் ஆகிறாள். படி நிரம்பத் தொடங்குகிறது. பிப்ரவரியில் இங்கே அண்ணன் கல்யாணம். வேறு நல்ல வேலையில் இருக்கிற அவள் தோழி ஒருத்தியும் உடன் வருகிறாள். லேப்டாப்பைக் கொண்டுவந்து, கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கனடாக் கம்பெனிக்கு ஆறு வாரம் வேலை பார்க்கிறாள். சம்பளம் டாலரில், வரியும் கனடாவில். ஆனாலும் அந்த ஆறு வாரம் கனடா அனுபவம் ஆகாது; வேலை செய்த ஆள் அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். சம்பளத்தோடு எடுக்கும் நியாயமான விடுப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. லேப்டாப்பை எடுத்துவந்த தோழியைவிட, இரண்டு வாரம் சம்பள லீவ் போட்டுவிட்டு வந்து பூ தொடுத்த நம் பெண் கெட்டிக்காரி.

1,560 நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பி.ஆர். வந்துவிடுமா? வரிசையில் நிற்கத் தகுதி வந்திருக்கிறது. அங்கே வயது, படிப்பு, ஆங்கிலம், பிரெஞ்சு, அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, மேலிருந்து கூப்பிடுவார்கள். 2021 பிப்ரவரி 13 அன்று, கோவிட் எல்லைகளை மூடியிருந்த நேரத்தில், 75 மதிப்பெண் போதும் என்று சொல்லி ஒரே நாளில் 27,332 பேரைக் கூப்பிட்டார்கள். டெல்லி கன்சல்டன்டுகள் இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். 2025-இல் இதே பிரிவில் 500-க்கு மேல் இருந்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள். கையில் வேலை இருப்பதற்கென்று கொடுத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு வருடத்தோடு நிற்காமல் தொடர்வதில் லாபம் உண்டு. துணையில்லாமல் மனுப் போடுகிறவருக்குக் கனடா அனுபவம் ஒரு வருடத்துக்கு 40, இரண்டுக்கு 53, மூன்றுக்கு 64.

போகிற போக்கில் ஒன்று. பிரிட்டனில் படித்து முடித்தவர்களுக்குக் கொடுக்கும் கிராஜுவேட் விசாவின் காலம், ஸ்கில்டு வொர்க்கராக இருந்த வருடங்களைக் காட்டி அங்கே நிரந்தரமாகத் தங்கக் கேட்கும் கணக்கில் சேராது. அமெரிக்காவில் படித்து முடித்தவர்களுக்கான ஓ.பி.டி. வேலை அனுமதியும் கிரீன் கார்டுக்கு மணி சேர்க்கிற ஏற்பாடு அல்ல. மணியை எண்ணியாவது சேர்த்துக்கொள்கிற கனடா, அந்த அளவில் தாராளம்தான்.

கடைசியாக டெல்லிப் பக்கத்து வேலை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கனடா போவதற்கு முன் நம் பெண் நொய்டாவில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்துக்குள் செய்த திறன் வேலை என்றால் அதற்கும் மதிப்பெண் உண்டு. ஆங்கிலத் தேர்வில் கனடா அளவுகோலில் 9 வந்திருந்தால் 25. அதோடு கனடாவின் ஒரு வருடம் சேர்ந்தால் இன்னொரு 13. ஆக 38. அங்கே ஒரு வருடம் உழைத்து வாங்கிய 40-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஆனால் அதற்குக் கடிதம் வேண்டும். நம் கம்பெனிகள் தருகிற ரிலீவிங் லெட்டர் எப்படி இருக்கும்? இந்தத் தேதியில் சேர்ந்தார், இந்தத் தேதியில் விலகினார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். கனடா அதிகாரி தேடுவதோ பதவி, செய்த வேலைகளின் பட்டியல், வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுச் சம்பளம், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும் தொடர்பு விவரமும், எல்லாம் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில். விமானம் ஏறுவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுவது உத்தமம். அப்போது மேனேஜருக்கு முகம் ஞாபகம் இருக்கும். நாலு வருடம் கழித்துக் கேட்டால், அப்பாதான் நொய்டாவுக்கும் நேரு பிளேஸுக்கும் மெட்ரோவில் அலைய வேண்டிவரும். கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்றால் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் இவற்றோடு, ஏன் கடிதம் கிடைக்கவில்லை என்று ஒரு விளக்கமும் எழுதி இணைக்கலாம். பழைய பீரோவில் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவைப்பது நல்லது.