கதை வேண்டாம், சிக்கல் போதும்

ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், இன்னொருவர் வாள்வீரர் என்று ஆளுக்கொரு பாத்திரம். காகிதமும் பென்சிலும் சில பகடைகளும் போதும், பலகை கட்டாயமில்லை. அவர்களில் ஒருவருக்கு மட்டும் தனிப் பாத்திரம் கிடையாது. பாழடைந்த கோட்டை, அதில் பதுங்கியிருக்கும் பூதங்கள், வழியில் தென்படும் வணிகன், பெய்யும் மழை எல்லாமே அவர் பொறுப்பு. அவர்தான் கேம் மாஸ்டர். கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்பார். ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். பலிக்குமா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகையின் முதல் ஆட்டம், மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டியாக முதலில் ஆயிரம் பிரதிகளே அச்சாயின. அரை நூற்றாண்டு கடந்தும் முதன்முறை கேம் மாஸ்டராக அமர்பவர்கள் பலர் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: ஆரம்பம், நடு, உச்சக்கட்டம் என்று நல்ல கதையொன்றை எழுதி எடுத்து வருகிறார்கள். உழைப்பு பெரியதுதான். ஆனால் ஆட்டத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் அந்த உழைப்புதான்.

இந்த ஆட்டத்தின் பூர்விகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 1824 முதல் வரைபடத்தின்மேல் ஒரு போர்ப் பயிற்சி ஆட்டத்தை ஆடினார்கள். ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வகுத்த அந்த ஆட்டத்தில் விதிகள், அட்டவணைகள், பகடை எல்லாம் உண்டு, நடுவரும் உண்டு. 1876-இல் வெர்டி து வெர்னோயிஸ் என்ற தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று வாதிட்டார். அவ்வளவு அதிகாரம் பெற்ற நடுவருக்கும் எந்தப் படை வெல்ல வேண்டும் என்ற திட்டம் கிடையாது. இந்தக் கட்டளைக்கு இந்த நிலத்தில் என்ன விளையும் என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மன் ஊரான பிரவுன்ஸ்டைனை வைத்துப் போர் ஆட்டம் ஒன்றை அமைத்தார். படைத்தளபதிகளோடு நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் என்று மற்றவர்களுக்கும் பாத்திரம் கொடுத்தார். அவர்கள் ஆளுக்கொரு திசையில் கிளம்பி, ரகசியப் பேரங்கள் பேசி, தங்களுக்குள் மோதி, ஒழுங்கைக் குலைத்துவிட்டார்கள். ஆட்டம் பாழ் என்று நினைத்தார் வெஸ்லி. ஆடியவர்களோ மறுபடியும் வேண்டும் என்றார்கள். அந்த வட்டத்தில் இருந்த ஆர்னெசன் அதிலிருந்து ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை உலகை உருவாக்க, அங்கிருந்து பிறந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நடத்துபவரின் திட்டம் உடைந்த இடத்தில் முளைத்த விளையாட்டு இது.

எதிர்த்திசைக்கும் உதாரணம் இருக்கிறது. 1984-இல் வெளிவரத் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ சாகசத் தொடர், நாவலைப் போலத் திட்டமிட்ட நெடுங்கதை. பின்னால் தேவைப்படும் பாத்திரங்கள் ஆட்டத்தின் நடுவே செத்துவிடாமல் இருக்க அதில் தனி ஏற்பாடுகூட உண்டு. அதே கதையை மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் நாவல்களாக எழுத, அவை அமோகமாக விற்றன. ஆட்டமாக ஆடியவர்களில் பலரோ, தண்டவாளத்தில் ஓடும் ரயிலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டார்கள். வாசகர் முடிவை மாற்ற வரவில்லை. ஆட்டக்காரர் அதற்காகவே வருகிறார்.

எழுதி வந்த கதைக்கு எண்களும் எதிரி. இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். 20-இல் 13 முகங்கள் சாதகம், அதாவது 65 சதவீத வாய்ப்பு. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பூட்டைத் திறக்க, காவலனை ஏமாற்ற, கடிதத்தைக் கண்டெடுக்க, அதன் சங்கேதத்தைப் படிக்க என்று நான்கு உருட்டல்களும் வரிசையாக வென்றால்தான் கதை நகரும் என்றால், நான்கும் தேறும் வாய்ப்பு 18 சதவீதத்தைக்கூடத் தொடாது. துப்பறியும் ஆட்டங்களில் இது பெரிய தலைவலி. 1981-இல் வந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ போன்றவற்றில் ஒரே ஒரு தடயம் கண்ணில் படாமல் போனால் மொத்த இரவும் முடங்கிவிடும். ராபின் லாஸ் தன் ‘கம்ஷூ’ விதிமுறையில் இதற்கு நேரடியாக மருந்து சொன்னார்: சரியான இடத்தில், சரியான திறமையோடு தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடை வேண்டாம். இன்னொரு வழி, ஒரே முடிவுக்குக் கொண்டுபோகும் மூன்று தடயங்களை வெவ்வேறு இடங்களில் வைப்பது. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கப் பாதி வாய்ப்பே இருந்தாலும், மூன்றையும் தவறவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான்.

அப்படியானால் எதையும் தயாரிக்காமல் போய் உட்காருவதா, ஆட்டக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அலைய மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டற்ற உலகில் இறக்கிவிடப்பட்ட புதியவர்கள் சத்திரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தே மூன்று மணி நேரத்தை ஓட்டிவிடுவதும் உண்டு. ஆகவே தயாரிப்பு தேவைதான், ஆனால் அது சிக்கலைப் பற்றியதாக இருக்கட்டும். ஓர் ஊரின் கிணறுகளில் ஒரு சூனியக்காரன் விஷம் கலக்கிறான் என்றால், அவனுக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் நாளை என்ன செய்வான், நாளை மறுநாள் என்ன செய்வான், அவனுக்கு எதைக் கண்டால் பயம், ஊரில் யாருக்கு அவனைத் தெரியும் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். ஆட்டக்காரர்கள் அவனைக் கொல்லலாம், விலை பேசலாம், ஊரையே காலி செய்யச் சொல்லலாம். எதைச் செய்தாலும் பதில் சொல்ல நடத்துபவரிடம் சரக்கு இருக்கும். சும்மா இருந்தாலும் மறுநாள் இன்னொரு கிணறு கெடும். அலைவதற்கு அவகாசம் இராது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் பகடையைப் பற்றியது. கேம் மாஸ்டர் தன் பகடையை அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டும் வழக்கம் உண்டு. வேண்டுமானால் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்பதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டு அதிகாரபூர்வ வழிகாட்டி நூலே ஒப்புக்கொள்கிறது. ஆறு மாதம் வளர்த்த நாயகன், பேர் தெரியாத பூதத்தின் ஒரே அதிர்ஷ்ட அடியில் செத்துப்போவதை வேடிக்கை பார்ப்பதா என்கிறார்கள் மறைப்பை ஆதரிப்பவர்கள். அந்த வருத்தம் உண்மையானது, மருந்துதான் தவறு. இங்கே பந்து வீசுபவரும் அவரே, அம்பயரும் அவரே. அவர் ஒருமுறை பொய் சொன்னார் என்று தெரிந்தால், அடுத்து வரும் வெற்றியும் அவர் போட்ட பிச்சையாகவே தோன்றும். சாவு வேண்டாம் என்றால் அதைப் பகடையிடம் ஒப்படைக்காமல் இருக்கலாமே. இந்தப் பூதங்கள் கொல்வதில்லை, பிடித்துப் பணயம் வைக்கும் என்று முன்பே முடிவு செய்யலாம். இரண்டு விளைவில் எது வந்தாலும் ஏற்கத் தயாராக இருக்கும்போது மட்டும் பகடையை எடுக்க வேண்டும். எடுத்தால் எல்லோர் கண்முன்னே உருட்ட வேண்டும்.

குரல் மாற்றிப் பேசத் தெரியாது என்று பின்வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 2015 முதல் ஒளிபரப்பாகும் ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியைப் பார்த்து வந்த அச்சம் இது. அதைப் பல ஆண்டுகள் நடத்திய மேத்யூ மெர்சரும் அவரோடு ஆடியவர்களும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அந்த அளவுகோல் வீட்டு மேசைக்குத் தேவையில்லை. தேவைப்படுவது வேறொன்று. கட்டற்ற கதையில் யாரையாவது உண்மையாகவே புண்படுத்தும் காட்சி திடீரென்று வந்துவிடலாம். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ் அட்டை’ இதற்காகத்தான்: யாராவது அதைத் தொட்டால், ஏன் என்று கேட்காமல் அந்தக் காட்சியைக் கடந்துவிடுவார்கள்.

முதல்முறை நடத்தப் போகிறவர்கள் ஒரு சின்ன ஊர், ஒரு சிக்கல், ஒரு எதிரி என்று தொடங்கி, ஒரே மாலையில் முடித்துப் பாருங்கள். நீங்கள் யோசித்தே இராத வழியில் அவர்கள் போனால் அதை விட்டுப்பிடியுங்கள். பணச் செலவும் பெரிதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே இலவசமாகத் தருகிறது.