நொய்லாண்ட் (எழுத்துரு)

நொய்லாண்ட் என்பது 1923 ஆம் ஆண்டு செருமனியில் வெளியிடப்பட்ட, இலத்தீன் எழுத்துகளுக்கான ஓர் எழுத்துரு ஆகும். தடித்த கோடுகளும் கூரிய கோணங்களும் கொண்ட இது தலைப்புகள், சுவரொட்டிகள், விளம்பரங்கள் ஆகியவற்றில் பெரிய அளவில் பயன்படுத்தப்படுகிறது. நொய்லாண்ட் என்ற செருமானியச் சொல்லுக்குப் "புதிய நிலம்" என்பது பொருள். இதனை வடிவமைத்தவர் ருடோல்ஃப் கோக் (1876–1934). செதுக்கிய கருவியின் தடம் வடிவிலேயே தெரிவதாலும், பிறந்த சூழலோடு தொடர்பற்ற பொருள் ஒன்று பின்னாளில் இதன்மீது ஏற்றப்பட்டதாலும் அச்சுக்கலை வரலாற்றில் இது தனியிடம் பெறுகிறது.

பின்னணி

நியூரம்பெர்க் நகரில் பிறந்த கோக், இளமையில் ஹானவ் நகரின் உலோக வேலைப் பட்டறை ஒன்றில் பயிற்சி பெற்றார். 1906 முதல் ஒஃபென்பாக் நகரிலிருந்த கிளிங்ஸ்போர் அச்செழுத்து வார்ப்பகத்துக்காக எழுத்துகளை வடிவமைத்தார். அந்நகரின் தொழிற்கலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இடைக்காலக் கையெழுத்துப் படிகளிலிருந்து வளர்ந்த கோண வடிவ எழுத்து மரபு அக்காலச் செருமனியில் பரவலான வழக்கில் இருந்தது. கோக்கின் தொடக்ககாலப் படைப்புகள் பெரும்பாலும் அம்மரபைச் சார்ந்தவை. 1905 இல் டிரெஸ்டன் நகரில் தோன்றிய "பாலம்" என்ற ஓவியர் குழு உள்ளிட்ட உணர்ச்சி வெளிப்பாட்டுக் கலைஞர்கள், கரடுமுரடான மரச்செதுக்கு அச்சுப் படங்களுக்குப் புத்துயிர் அளித்திருந்தனர். நொய்லாண்டின் தோற்றம் இவ்விரு மரபுகளையும் நினைவூட்டுகிறது.

உருவாக்கிய முறை

ஈய அச்செழுத்தை உருவாக்க, முதலில் எஃகுத் துண்டு ஒன்றின் முனையில் எழுத்து புடைப்பாகச் செதுக்கப்படும். அதனைச் செம்பில் அறைந்தால் எழுத்தின் வடிவில் பள்ளம் கிடைக்கும். அப்பள்ளத்தின்மேல் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி, வேண்டிய எண்ணிக்கையில் அச்செழுத்துகள் வார்க்கப்படும். கோக்கின் காலத்தில் வடிவமைப்பாளர் தாளில் வரைந்து கொடுப்பதும், தொழிலாளர் அல்லது இயந்திரம் அதைப் பார்த்துச் செதுக்குவதும் வழக்கமாக இருந்தன.

நொய்லாண்டில் கோக் இந்த வேலைப் பிரிவினையைக் கைவிட்டார். முன்வரைவு எதுவுமின்றி, எழுத்துகளை நேரடியாக உலோகத்தில் தாமே செதுக்கினார். ஒவ்வோர் அளவையும் தனித்தனியே செதுக்கியதால், ஒரே எழுத்து ஓர் அளவில் ஒரு வடிவிலும் மற்றோர் அளவில் சற்று வேறான வடிவிலும் அமைந்தது.

வடிவக் கூறுகள்

* நொய்லாண்டில் பேரெழுத்துகள் மட்டுமே உள்ளன, சிற்றெழுத்துகள் இல்லை.
* கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிப்புடையவை. முனைகளில் சற்றே விரிகின்றன.
* வளைவுகள் சீராக உருளாமல், பட்டை தீட்டியவை போல் காணப்படுகின்றன.
* எழுத்தின் உள்வெளிகள் சிறியவை. எனவே நெருக்கமாக அடுக்கிய வரிகள் தாளில் கரிய பட்டையாகத் தோன்றும்.

இதன் துணை வடிவமான "இன்லைன்" என்பதில் ஒவ்வொரு தடித்த கோட்டின் நடுவிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது.

எண்முறை வடிவங்கள்

பொதுவாகக் கணினி எழுத்துருவில் ஓர் எழுத்தின் வெளிக்கோடு கணித வளைவுகளாக ஒருமுறை சேமிக்கப்படுகிறது. தேவையான அளவுக்கு ஏற்ப அதே வெளிக்கோடு பெருக்கவோ சுருக்கவோ படுகிறது. இதனால் எல்லா அளவுகளிலும் வடிவம் மாறாதிருக்கும். பிற எழுத்துருக்களுக்கு இது வசதி எனினும், நொய்லாண்டைப் பொறுத்தவரை ஓர் இழப்பாகும்; அளவுக்கு அளவு வேறுபட்ட கைவேலை இங்கு ஒரே வடிவமாகிவிடுகிறது.

பயன்பாடும் பொருள் மாற்றமும்

கிறித்தவப் பற்று மிக்க கோக், இவ்வெழுத்தைச் சமயத் தொடர்களை அச்சிடவும் பயன்படுத்தினார். ஆனால் செருமனிக்கு வெளியே இது பெரிதும் விளம்பர எழுத்தாகவே அறியப்பட்டது. பின்னர் காடு, சாகசம், தொன்மை, "பழங்குடித் தன்மை" ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்தாக வழங்கலாயிற்று. 1993 இல் வெளியான ஜுராசிக் பார்க் திரைப்படத்தின் பெயர்ப்பொறிப்பு இதன் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். ஆப்பிரிக்காவையும் ஆப்பிரிக்க அமெரிக்கரையும் பற்றிய நூல்களின் அட்டைகளிலும் இது பயன்படுத்தப்பட்டது.

அமெரிக்க வடிவமைப்பாளர் ராப் ஜியாம்பியேட்ரோ 2004 இல் எழுதிய கட்டுரையில் இவ்வழக்கத்தை ஆராய்ந்து விமர்சித்தார். நொய்லாண்டுடன் அவர் எடுத்துக்கொண்ட மற்றோர் எழுத்துரு லித்தோஸ் ஆகும். கரோல் டுவாம்ப்ளி அடோபி நிறுவனத்துக்காக 1989 இல் வடிவமைத்த லித்தோஸ், பண்டைய கிரேக்கக் கல்வெட்டுகளை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று செருமானியம், மற்றொன்று கிரேக்கம். இரண்டுக்கும் தோற்றத்தில் ஆப்பிரிக்கத் தொடர்பு இல்லை. இருப்பினும் இரண்டும் கறுப்பின மக்களின் அடையாளமாகக் கையாளப்பட்டன.

கரடுமுரடான வடிவம் "நாகரிகம் குறைந்தது" என்று கருதப்படுவதும், அத்தகைய வடிவம் ஒரு மக்கள் குழுவுக்கே உரியதாக்கப்படுவதும் இவ்வழக்கத்தின் அடியில் உள்ள சிக்கல் ஆகும். எழுத்தாளர் யாராயினும், நூல் நாவலாயினும் வரலாறாயினும், ஒரே எழுத்துரு அட்டையில் அமையும்போது நூலின் தனித்தன்மை மறைந்து ஆசிரியரின் இனமே முன்னிறுத்தப்படுகிறது. தொடர்ந்த பயன்பாட்டினால் ஓர் எழுத்துருவுக்கு எவ்வாறு பொருள் ஏறுகிறது என்பதற்கு நொய்லாண்ட் தெளிவான சான்றாகும்.