மருதோன்றி நகமும் நகரும் நிலமும்

கிழக்குக் கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு நிலம் மாறும் என்பதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்த கதையை உம்மம்மாவிடம் கேட்டே அவர்கள் வளர்கிறார்கள். அதனால் நிலம் மாறுவது ஒரே காலையில் நடந்து முடியும் காரியம் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் மலை, ஆறு, களப்பு, மணற்கரை எல்லாம் பெரும்பாலும் சத்தமில்லாமல், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் உருவானவை. தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இந்த மெதுவான மாற்றத்தை விளங்கவைப்பதுதான் கடினம்.

"பல இலட்சம் ஆண்டுகள்" என்று சொல்வதில் பயனில்லை. என் தம்பிக்கு நூறும் இலட்சமும் ஒன்றுதான், இரண்டுமே "நிறைய". அவனுக்குக் கைக்கெட்டிய ஓர் அளவுகோல் வேண்டும். அது நம் வீடுகளிலேயே இருக்கிறது.

நோன்புப் பெருநாளுக்கு மருதோன்றி வைக்கிறோம். (தம்பிமாரும் சுண்டுவிரலையாவது நீட்டாமல் விடுவதில்லை.) தோலில் பிடித்த சிவப்பு சில கிழமைகளில் போய்விடும், நகத்தில் பிடித்தது போகாது. நகம் வளர வளர அடியில் வெள்ளைப் பிறை தோன்றிச் சிவப்பு மேலே தள்ளப்படும். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளர்கிறது. ஆகவே ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது அந்த வெள்ளை ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் இருக்கும். பிள்ளையிடம் அடிமட்டத்தைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். "நகம் வளர்வதை நீ ஒருநாளாவது கண்டாயா?" என்று கேளுங்கள். காணவில்லை, ஆனால் வளர்ந்திருக்கிறது. மெதுவான மாற்றம் என்பதன் பொருள் அங்கே விளங்கிவிடும்.

அதன்பின் பெரிய செய்தியைச் சொல்லலாம். நம் நாட்டையும் சுமந்துகொண்டு இந்தியப் புவித்தகடு நகத்தைவிடச் சற்றுக் கூடிய வேகத்தில், ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்றிமீற்றர் வடக்கு நோக்கி நகர்கிறது. அது ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த மோதலில் மடிந்து உயர்ந்ததே இமயமலை.

உயர்ந்தது தேயவும் வேண்டுமல்லவா? மூடியுள்ள போத்தலில் நாலைந்து சீனிக்கட்டிகளைப் போட்டு நூறு தடவை குலுக்கச் சொல்லுங்கள். மூலைகள் உருண்டு, அடியில் தூள் சேரும். மலையடிவாரத்துக் கற்கள் கூராகவும் ஆற்றுக் கற்கள் உருண்டையாகவும் இருப்பது ஏன் என்று இனி அவர்களே சொல்வார்கள். பாறை இருந்த இடத்திலேயே வெயிலாலும் மழையாலும் வேர்களாலும் உடைவது வானிலையாலழிதல். உடைந்ததை நீரும் காற்றும் அரித்து எடுத்துச் செல்வது அரிப்பு. வேகம் குறைந்த இடத்தில் இறக்கிவைப்பது படிவு. சொற்களை முதலில் மனனம் செய்யவைத்தால் சொற்கள் மட்டுமே மிஞ்சும். கண்ட பின்பு பெயர் சொல்வதே நல்லது.

இதற்கு ஒரு பழைய சஹன் போதும். (உம்மாவிடம் கேட்டுவிட்டு எடுக்கவும்.) அதில் ஈரமணலை நிரப்பி, ஒரு பக்கத்தைச் செங்கல்மேல் உயர்த்தி, மூடியில் துளையிட்ட போத்தலால் மெல்ல நீர் ஊற்றுங்கள். ஓர் ஆறு பிறக்கும், வளையும், கீழே மணலை விசிறிபோல் விரிக்கும். பாதி மணலில் வேரோடு பிடுங்கிய புல்லைப் பதித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் மண் குறைவாகவே கரையும்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. சஹனில் ஆறு ஐந்து நிமிடத்தில் உருவாகிவிடுவதால், உண்மையிலும் அப்படித்தான் என்று பிள்ளை நினைத்துவிடும். எப்படி நடக்கிறது என்பதைச் சஹன் காட்டும். எவ்வளவு காலம் என்பதை நகம்தான் காட்டும். இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும் என்பது என் கருத்து. நம் மலைநாட்டுப் பாறைகள் பல கிலோமீற்றர் ஆழத்தில் உருவானவை. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனதால்தான் இன்று அவற்றின்மேல் வெயில் படுகிறது. எத்தனை பெருநாள் மருதோன்றிக்கு அது சமம் என்று பிள்ளைகளே வியக்கட்டும்.

நம் கரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனம் தேவை. இங்கே அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகக் கொண்டுசெல்கின்றன. ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலின் வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. இது நக வேகம் அல்ல. இயற்கை மெதுவாகச் செய்வதை மனிதக் கட்டுமானம் சில ஆண்டுகளில் செய்துவிடும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

சொன்னால் "எங்கள் வீட்டுக்கும் கடல் வருமா?" என்று கேட்பார்கள். "வராது, பயப்படாதே" என்று வாயை மூடுவதும் வேண்டாம், பயங்காட்டுவதும் வேண்டாம். "அளந்து பார்ப்போம், வா" என்று கூட்டிக்கொண்டு போங்கள். கடலோரத்தில் அசையாத ஒன்றை, ஒரு கிணற்றையோ மதிலையோ தெரிந்தெடுத்து, அங்கிருந்து அலை தொட்ட ஈரக்கோடு வரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போதும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலை இழுத்துச் செல்லும். கடல் அமைதியான மாதங்களில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆகவே ஜனவரி அளவை ஓகஸ்ட் அளவோடு வைத்துப் பார்க்காமல் அடுத்த ஜனவரி அளவோடு ஒப்பிட வேண்டும்.