பட்டிக்கு அடியில் ஓட்டை

துரு என்பது ராமேஸ்வரத்துக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் படவேண்டிய கவலை, உப்புக்காற்றே இல்லாத மலையில் காருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று ஊட்டியிலும் குன்னூரிலும் பலர் நினைக்கிறார்கள். இரும்பு துருப்பிடிக்க உப்பு கட்டாயமில்லை, ஈரமும் காற்றும் போதும். நீலகிரியில் ஈரத்துக்கா பஞ்சம்? கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. அது ஓய்ந்ததும் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. இடையில் மூடுபனி, மார்கழியிலும் தையிலும் உறைபனி. நனைந்த கார் காய்வதற்குள் மறுபடியும் நனைகிறது.

உப்பும் அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேயிலைத் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிய ஆம்னியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. சிந்திய இடத்தில் ஈரம் பட்டால் தகட்டை வேகமாக அரிக்கும். கழுவிய கேரட் மூட்டையிலிருந்து வடியும் தண்ணீர், சக்கர வளைவுக்குள் அப்பிக் கிடக்கும் சேறு, வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளை அடைக்கும் சில்வர் ஓக் சருகு எல்லாம் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. தார்ப்பாய் போட்டு இறுக மூடி வைப்பதும் பாதுகாப்பல்ல. உள்ளே தங்கிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போகும்.

வீட்டிலேயே சரிசெய்யலாமா? மேல்துரு என்றால் தாராளமாகச் செய்யலாம். ஓட்டைத் துரு என்றால் எந்த இடத்தில் ஓட்டை என்று பார்த்த பிறகுதான் பதில். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு பொத்தென்று உள்வாங்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பில் வைத்தால், ஒட்டாத இடத்தில் கனமாகப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம்.

மட்கார்டு, கதவு, பானெட், டிக்கி மூடி ஆகியவற்றில் நீங்களே கை வைக்கலாம். கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், ஸ்டியரிங் பெட்டியைத் தாங்கும் பகுதி ஆகியவை அரித்திருந்தால் பட்டியோடு வரும் எவரையும் கிட்டே விடாதீர்கள். மாருதி 800, அம்பாசிடர், பத்மினி மூன்றிலும் ஜீப்பைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. பாடிதான் வண்டியின் முதுகெலும்பு. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே அங்கே வைத்தியம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கும் குழாயும் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் இறக்கச் சொல்லுங்கள். அப்படியே, அடியில் ஓடும் இரும்பு பிரேக் குழாயையும் பார்த்துவிடுங்கள். அது செதில் செதிலாக உரிந்திருந்தால் மாற்றும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில்தான் அந்தக் குழாய் வெடிக்கும்.

மேல்துருவுக்கான வேலையைத் தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களில், காலை பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். அதற்கு முன் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும், அதன்மேல் அடித்த பிரைமர் ஒரே மழைக்காலத்தில் கொப்புளிக்கும். உப்புத்தாளால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் மிஞ்சிய துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, அது கறுத்துக் காய்ந்ததும் எபாக்சி பிரைமர் அடியுங்கள். அதன்மேல் வேண்டுமானால் மெல்லிசாகப் பட்டி, பிறகு பெயிண்ட். வெறும் துருவின்மேல் பட்டி பார்ப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளேயே தகட்டைத் தின்னக் கொடுக்கும். கெட்டி டிகாக்‌ஷனைத் தேய்த்தால் துரு கறுத்து நின்றுவிடும் என்று தோட்டங்களில் சொல்வதுண்டு. கறுப்பது உண்மை. தேயிலையில் உள்ள டானின் வகைப் பொருள் இரும்போடு சேரும் நிறம் அது. ஆனால் தேநீரில் அதன் வலு குறைவு, காரைக் காக்க அது போதாது.

கழிவு ஆயிலை அடியில் பூசுவது இன்னொரு பழைய வழக்கம். அது ரப்பர் பாகங்களை ஊதவைக்கும், மழையில் வழிந்து ஓடைக்குப் போகும். மலையில் ஒருவர் வீட்டுச் சாக்கடை இன்னொருவரின் குடிநீர்.

உடம்புக்கு வரும் ஆபத்தை யாரும் சொல்வதில்லை. ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு விதி வீட்டு பெயிண்டுக்கும் அலங்கார பெயிண்டுக்கும்தான், வாகன பெயிண்டுக்கு அல்ல. பழைய காரின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஹார்டனர் கலந்த பெயிண்டை ஸ்பிரே செய்தால் வெளிவரும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த வேலையைப் பட்டறையிடம் விடுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பு வைத்த மூடிய ஷெட்டில் தின்னர் டப்பாவைத் திறக்கவே கூடாது. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீயைத் தேடிப் பிடிக்கும், அடுப்பின் கார்பன் மோனாக்சைடோ வாசனை காட்டாமலே கொல்லும்.

இனிச் சட்டம். "பதினஞ்சு வருஷம் ஆச்சுண்ணா, இனி உடைக்கத்தான் போடணும்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போகும் புரோக்கர்கள் உண்டு. அது டெல்லிக் கதை, தமிழ்நாட்டில் அப்படித் தடை கிடையாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும், பசுமை வரி தனி. ஆக, வண்டியை வீழ்த்துவது வயதல்ல, ஆய்வாளர் குனிந்து பார்க்கும்போது தெரியும் துருதான்.

இரண்டு எச்சரிக்கைகள். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தை உப்புத்தாளால் தொடாதீர்கள். எண் சிதைந்த வண்டி திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்கு ஆளாகும். அங்கே துரு ஏறியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். நிறம் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும், மாற்றுவதாக இருந்தால் அதைப் பதிய வேண்டும்.

துருவுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது, அது தேய்மானக் கணக்கு. பட்டறை ஏமாற்றினால் வழி உண்டு. எந்தத் தகட்டை மாற்றுகிறார்கள் என்று எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். வெல்டிங் முடிந்து பட்டி பார்ப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் படம் எடுங்கள், வெட்டியெடுத்த தகட்டையும் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம்.

பழைய காரை டீலரிடம் வாங்குகிறவர்கள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ஆர்.டி.ஓ. அங்கீகாரம் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டி பூசி ஓட்டையை மறைத்து விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கியதற்கு அந்தக் கதவு திறக்காது, சிவில் நீதிமன்றம்தான். அதனால் காரை வாங்குவதற்கு முன்பே காந்தத்தைக் கொண்டு போங்கள்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அங்கே முடியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காரைக் கோவையில் வாங்கியிருந்தாலும், மேட்டுப்பாளையத்தில் வேலை பார்த்திருந்தாலும் மலை இறங்கி அலைய வேண்டாம். புகார் தருபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுவை ஏற்கச் சட்டம் இடம் தருகிறது, நீலகிரிக்கான ஆணையம் ஊட்டியிலேயே இருக்கிறது.